மாடிப்படிக்கடியில் அறுபத்திரண்டு பைகள்

சிட்டு மயங்கி விழுந்து இன்றோடு மூன்றாவது நாள்.

மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள் பெஞ்சிலிருந்து சரிந்ததும், பள்ளியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது அம்மா வேலை பார்க்கும் அதே மருத்துவமனைக்குத்தான். அம்மா அங்கே நோயாளிகளுக்கான சமையற்கூடத்தின் தலைமைச் சமையல்காரி. யாருக்கு உப்பில்லாமல், யாருக்குச் சர்க்கரையில்லாமல், யாருக்குக் குழைவாக என்று நூற்று நாற்பது தட்டுகளைத் தராசில் நிறுத்து அனுப்புகிறவள். அவசரப் பிரிவு டாக்டர் சிட்டுவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார், பிறகு அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லம்மா. பட்டினி."

கூட வந்திருந்த அத்தை சொன்னது அதைவிட மோசம். அப்பாவின் தங்கை அவள். இவர்களோடுதான் இருக்கிறாள். சிட்டுவின் பள்ளி அலுவலகத்திலேயே எழுத்தர் வேலை. வராந்தாவில் நாலு பேர் காதில் விழும்படி அவள் சொன்னாள்: "ஊர் நோயாளிக்கெல்லாம் அளந்து போடறவங்க, பெத்த பொண்ணைப் பட்டினி போட்டிருக்காங்களே!"

சாப்பாட்டு டப்பா தினமும் காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது. கழுவிக்கூட வந்தது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டதுதான் அம்மா செய்த தப்பு.

இன்று காலை அப்பா வேலைக்குப் போன பிறகு, அத்தையும் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே கிளம்பிய பிறகு, வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். அம்மா அவித்த முட்டை ஒன்று, ரொட்டி இரண்டு, வாழைப்பழம், ஒரு தம்ளர் பால் எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு. உன்னைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்."

"போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்மா."

"இருக்கட்டும். இப்ப விசாரணை. டப்பாவுல போட்டது எங்க போச்சு?"

சிட்டு முட்டையை நான்காக வெட்டினாள். பிறகு எட்டாக.

"பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில."

அம்மாவின் கை ஓங்கியது. பாதியில் நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "குப்பைத்தொட்டியிலயா? விடிகாலைல எழுந்து, பருப்பு தனியா, காய் தனியா வேகவெச்சு, உனக்கு இரும்புச்சத்து வேணும்னு கீரையைத் தேடிப் பிடிச்சு வாங்கி... ஒல்லியா இருக்கணும்னு யாராவது சொன்னாளா? எவ அவ?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா!" சிட்டுவுக்கு அழுகை முட்டியது. "சாப்பிட நேரமே இல்ல. ஒரு மாசமா மத்தியான இடைவேளையே கிடையாது. அந்த நேரத்துல குட்டித் தேர்வு. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு ஆரஞ்சு கலர் ஜூஸ். அவ்வளவுதான்."

"காலைல ஏழரைக்குப் போற. சாயங்காலம் ஆறுக்கு வர. நடுவுல பிஸ்கட்டா?"

"சோறு தின்னா தூக்கம் வரும், மார்க் போயிடும்னு சார் சொல்லிட்டார். சாப்பிடணும்னு யாராவது கேட்டா, ‘சாப்பாட்டுக் கட்சி எல்லாம் பின்னாடி போய் நில்லு’ம்பார். நான் ரெண்டு நாள் நின்னேன். அப்புறம் கேக்கறதை விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சண்டைக்கு வருவ."

"வராம? ஆரத்தி எடுக்கவா வருவேன்?"

"அதான்" என்றாள் சிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அம்மா, ப்ளீஸ். பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். என்னை விட்டுடு. எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்."

அம்மா வாக்குறுதி எதுவும் தரவில்லை. பால் தம்ளரை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற நாத்தனாருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டேவா வராந்தாவில் அத்தனை பேச்சு பேசினாள்?

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் அன்று எல்லோரும் அம்மாவிடம் ஜாக்கிரதையாகப் பேசினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கடைசித் தள்ளுவண்டி மேலே போனதும், அடுத்த நிலைச் சமையல்காரியிடம் பதிவேட்டைக் கொடுத்துவிட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடும் தலைமுடி வலையோடும் அப்படியே கிளம்பிவிட்டாள். கோபத்தில் வலையைக் கழற்ற மறந்திருந்தாள்.

அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. பள்ளி வாசல் காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சுகாதாரத் துறையிலிருந்தா?"

"சாப்பாட்டு விஷயமா வந்திருக்கேன்" என்றாள் அம்மா. அதில் பொய் எதுவும் இல்லை.

காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார்.

தேர்வுக் கூடம் முதல் மாடியில். மாடிப்படி ஏறப்போன அம்மாவை ஒரு வாடை நிறுத்தியது. அவளுக்கு நன்றாகப் பழக்கமான வாடை. மூடி வைத்த சாப்பாடு வெக்கையில் புளிக்கத் தொடங்கும்போது வருவது.

படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கிற மூலையில், சாப்பாட்டுப் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எண்ணினாள். அறுபத்திரண்டு. சிட்டுவின் பை இருந்திருந்தால் அறுபத்து மூன்று.

மணி ஒன்று பத்து. மேலே ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. "ஏழாவது கேள்வி. நாற்பது வினாடி. எழுது, எழுது!"

அம்மா குந்தி உட்கார்ந்து கையில் அகப்பட்ட பையைத் திறந்தாள். உரித்த முட்டை இரண்டு. பக்கத்தில் காகிதத்தில் மடித்த மிளகுத்தூள். இன்னொன்றில் கறுத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு தெளித்து நறுக்கிய ஆப்பிள். மூன்றாவதில் கைப்பிடி வேர்க்கடலை, பருப்புச் சாதம். மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிய சீட்டில் பென்சிலால், ‘நிதானமா எழுது கண்ணு.’

யாரோ ஒருத்தி விடியுமுன் எழுந்து எழுதியிருக்கிறாள். அது இங்கே துடைப்பத்தோடு கிடக்கிறது.

அம்மாவுக்கு உச்சந்தலை வரை சுரீரென்றது. சிட்டு கெஞ்சியது, மானம் போகும் என்றது, எல்லாம் மறந்துபோயிற்று. விறுவிறுவென்று படியேறினாள்.

கூடத்தில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொரு மேஜையிலும் பிஸ்கட் உறை, பாதி குடித்த ஆரஞ்சுத் தண்ணீர். சில தலைகள் கையில் முட்டுக்கொடுத்து நின்றன. பின்சுவர் ஓரம் ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒலிவாங்கியோடு துணை முதல்வர். சிட்டு வீட்டில் சொல்கிற பெயர் ‘நூத்துக்கு நூறு’. எதைப் பேசத் தொடங்கினாலும் அங்கே போய்த்தான் முடிப்பாராம்.

"யாரது? தேர்வு நடக்குது!"

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல என்ன தேர்வு சார் நடக்குது?"

அறுபத்திரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"நீங்க?"

"திங்கக்கிழமை இங்க விழுந்தாளே, அவளோட அம்மா."

அவர் ஒலிவாங்கியை அணைத்தார். முகத்தில் சிரிப்பை வரவழைத்தார். "வாங்கம்மா, ஆபீஸ்ல பேசலாம்."

அலுவலகத்தில் கோப்பு அலமாரி அருகே அத்தை நின்றிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்டேப்ளர் மேஜையில் விழுந்தது. அம்மா அவளைப் பார்க்காதவள்போல் உட்கார்ந்தாள்.

"பாருங்கம்மா, பரீட்சை முடியறவரைக்கும் கொஞ்சம் கஷ்டப்பட்டாதான்..."

"கஷ்டப்படட்டும் சார். படிச்சுக் கஷ்டப்படட்டும். பட்டினி எந்தப் பாடத்துல வருது?"

"பட்டினின்னு சொல்லாதீங்க. பிஸ்கட், ஜூஸ் ரெண்டும் குடுக்கறோம். உடனடி சக்தி."

"உடனடியா ஏறும், உடனடியா இறங்கும். கால் மணி நேரம் துள்ளுவாங்க, அப்புறம் துவண்டு விழுவாங்க. எங்க வார்டுல சர்க்கரை ஏறி இறங்கற நோயாளிக்கு இதைக் குடுத்தேன்னா, என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூளையும் உடம்புலதானே சார் இருக்கு? கழட்டித் தனியா கொண்டு வர முடியுமா?"

அவருடைய சிரிப்பு காணாமல் போனது. "உங்க சம்மதம் இல்லாம எதுவும் நடக்கல. ஒப்புதல் கடிதம் இருக்கு." அத்தையின் பக்கம் திரும்பி விரலைச் சொடுக்கினார். "அந்தக் கோப்பை எடு."

அத்தை எடுக்க அதிக நேரம் பிடித்தது. எடுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

அச்சடித்த கடிதம். ‘தேர்வுக் காலத்தில் மதிய இடைவேளையை ரத்து செய்து சிற்றுண்டி வழங்க எனக்குப் பூரண சம்மதம்.’ கீழே அம்மாவின் முழுப் பெயர், கையெழுத்தாக.

அம்மா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வார்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள். இரண்டு எழுத்து, ஒரு இழுப்பு, தீர்ந்தது. இந்தக் கடிதத்தில் எழுத்துகள் முத்துமுத்தாக, ஒவ்வொரு சுழியும் உருண்டையாக இருந்தன. வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுகிற கை. சிட்டுவின் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தருகிற கை.

தலையைத் தூக்கினாள். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"உங்க கையெழுத்துதானே?" என்றார் துணை முதல்வர்.

ஒரு வார்த்தை போதும். ‘இல்லை’ என்று சொன்னால் இந்தக் கணமே நாத்தனாரின் வேலை போகும். அதோடும் முடியாது. வராந்தாவில் அவள் பேசிய பேச்சுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கலாம். அம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வார்த்தை.

"பேனா குடுங்க" என்றாள்.

அந்தக் கையெழுத்துக்குக் கீழேயே எழுதினாள். ‘இந்தச் சம்மதத்தை இன்றோடு வாபஸ் வாங்குகிறேன். என் மகளுக்கு மதியம் சாப்பிட நேரம் வேண்டும்.’ தேதி போட்டாள். இரண்டு எழுத்து, ஒரு இழுப்பு.

மேலும் கீழுமாக இரண்டு கையெழுத்துகள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. துணை முதல்வர் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி. உங்க பொண்ணு இனிமே தனியா வெளிய உக்காந்து சாப்பிடட்டும். மத்த அறுபத்திரண்டு பேரோட அப்பா அம்மா சம்மதிச்சிருக்காங்க. அதுல நீங்க தலையிட முடியாது."

அம்மா எழுந்து வெளியே வந்தாள். நேராக மாடிப்படிக்கடிக்குப் போனாள். இரண்டு கையிலும் கொள்கிற அளவு பைகளை அள்ளினாள். மேலே கொண்டுபோய்க் கூடத்து வாசலில் வைத்தாள். இறங்கினாள். மறுபடி அள்ளினாள். நான்காவது தடவை ஏறும்போது மூச்சு வாங்கியது. ஐந்தாவது தடவை, அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காவலாளியும் தூக்க வந்துவிட்டார்.

"என்ன செய்யறீங்க?" துணை முதல்வர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"நான் யாரையும் கூப்பிடல சார். பை கீழே இருந்தா கெட்டுப்போகும். மேல காத்து வருது, அதான் வெச்சேன்."

உள்ளே ஒருவரும் அசையவில்லை. அம்மாவுக்கு ஒரு நிமிடம் பயமே வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டால்? சிட்டு சொன்னது சரிதானோ?

பின்சுவர் ஓரம் நின்றிருந்த பெண் பேனாவை மூடினாள். சிட்டுவின் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள். வாசலுக்கு வந்தாள். "எனக்குப் பசிக்குது சார்" என்றாள். குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"போய் நில்லு!"

"நின்னுக்கிட்டுத்தான் சார் இருந்தேன். நின்னுக்கிட்டே சாப்பிடறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. இரண்டு பேர், ஐந்து பேர், அப்புறம் வாசல் கொள்ளவில்லை. எல்லோரையும் பின்னால் நிறுத்த அந்தக் கூடத்தில் அவ்வளவு சுவர் கிடையாது.

மாடிப்படி நெடுக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா படிக்குப் படி ஏறி இறங்கினாள். ஒவ்வொரு டப்பாவையும் முகர்ந்தாள். புளித்ததை எடுத்து ஓரம் வைத்தாள். "இவளுக்கு அதுல பாதி போடு. மெதுவாடா, யாரும் பிடுங்க வரல. மென்னு தின்னு. முதல்ல தண்ணி குடி." ஒரு பையன் வாய் நிறையச் சோற்றோடு, "ஆன்ட்டி, நாளைக்கும் வருவீங்களா?" என்றான்.

துணை முதல்வர் அவள் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நாளைக்குப் பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அத்துமீறி நுழைஞ்சதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க நாத்தனாரோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

மாலையில் சிட்டு வாசலிலேயே காத்திருந்தாள். செய்தி அவள் கைபேசிக்கு எப்போதோ வந்துவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்த அம்மாவிடம், "தலையில வலையோடவா போன?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவுக்குத்தான் கலக்கம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கை கழுவக்கூடப் போகாமல், கிரீஸ் கையோடு சமையலறை வாசலில் நின்றார். "பன்னிரண்டு நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே?"

"பல்லைக் கடிச்சு கடிச்சுத்தான் பொண்ணு விழுந்தா. வாய்க்குள்ள வேற ஏதாவது போகணுமில்ல?"

"அவ வேலை போயிடுமேன்னு பார்க்கறேன்."

"உங்க தங்கச்சி வேலை போகாம நான்தான் இன்னிக்குக் காப்பாத்திட்டு வந்திருக்கேன்" என்றாள் அம்மா. "அந்தக் கடிதத்துல என் பேரை எழுதினது யாருன்னு அவ வந்ததும் கேளுங்க."

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரமே நின்றாள். தோள்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"தெரியும்னா சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மா. அன்று முழுவதும் அடக்கியது மொத்தமும் வெளியே வந்தது. "ஒரு மாசமா தெரியும் உனக்கு. தினம் இதே மேஜையில உக்காந்து நான் போட்ட சோத்தைச் சாப்பிட்ட. அவ சாப்பிடலைன்னு தெரிஞ்சுக்கிட்டே சாப்பிட்ட. அப்புறம் வராந்தாவுல நின்னு, நான் பட்டினி போட்டேன்னு சொன்ன. என் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்ல முடிஞ்சுது?"

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயம் அண்ணி. முந்திக்கிட்டேன்."

அவ்வளவு நேர்மையான பதிலை அம்மா எதிர்பார்க்கவில்லை.

"நீங்க அப்ப ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டு இருந்தீங்க" என்று அத்தை தொடர்ந்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது, துடைக்கவில்லை. "கடிதத்தைக் குடுத்தா கேள்வி கேப்பீங்கன்னு தெரியும். வராத கடிதமெல்லாம் சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும்னு அவர் கட்டா என் மேஜையில வெச்சார். எப்படி வரும்னு நான் கேக்கல. அவரும் சொல்லல."

அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்களோடது ஒண்ணுதானே?"

அத்தை தோள்பையைத் திறந்து, ரப்பர் போட்டுக் கட்டிய காகிதக் கட்டை மேஜையில் வைத்தாள். மேலே இருந்தது யாரோ ஒரு தகப்பனாரின் பெயர். முத்துமுத்தான எழுத்து. ஒவ்வொரு சுழியும் உருண்டை.

"உங்களோடது சேர்த்து இருபத்தேழு. நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னாடி எரிச்சுட்டு வரச் சொல்லியிருக்கார். எரிச்சா ஒப்பந்தம் நிரந்தரமாகும்னார்."

இருபத்தேழு வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. யாரையும் கேட்கவே இல்லை. அம்மா கட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அத்தையின் கைபேசி மணி அடித்தது. திரையில் துணை முதல்வரின் பெயர்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், அணைக்கப்போகிற மாதிரி விரலைக் கொண்டுபோனாள்.

உள்ளறைக் கதவருகே நின்றிருந்த சிட்டு முன்னால் வந்தாள். தன் கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுங்க அத்தை" என்றாள். "ஸ்பீக்கர்ல போடுங்க."